நடைத் தியானம்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில் காலை ஐந்தே முக்காலுக்கு ஏழெட்டுப் பேர் நடைத் தியானம் செய்கிறோம். தொடங்கிப் பதினொரு வருடம் ஆகிறது. புதிதாக வந்து சேர்கிறவர்களும், துணி காயப்போட வந்த இடத்தில் எங்களைப் பார்த்து விசாரிக்கிறவர்களும், ஊரிலிருந்து போனில் பேசும் உறவினர்களும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, எனக்கு உறுதியாகத் தெரிந்ததைப் பதிலாகத் தந்திருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. உடல்நலம் பற்றி வரும் இடங்களில் அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நடைத் தியானம்னா என்ன? நான்தான் தினமும் வாக்கிங் போறேனே, அது போதாதா?

வாக்கிங் போகும்போது கால் பாட்டுக்கு நடக்கும். மனது மகளின் கல்லூரிக் கட்டணத்தையோ நேற்று அலுவலகத்தில் நடந்த பேச்சையோ சுற்றிக்கொண்டிருக்கும். அதில் தப்பே இல்லை. இதயத்துக்கும் சர்க்கரைக்கும் அந்த வேக நடை வேண்டும், அதை விட்டுவிடாதீர்கள். நடைத் தியானத்தின் வேலை வேறு. இதில் போய்ச் சேர வேண்டிய இடம் எதுவும் கிடையாது. பதினைந்து, இருபது தப்படி நீளமுள்ள ஒரு பாதையில் போவதும் திரும்புவதுமாக, ஒவ்வொரு அடியும் உடம்பில் எப்படித் தெரிகிறது என்று உணர்ந்துகொண்டே நடக்கிறோம்.

இது புத்தர் காலத்திலிருந்து வரும் பயிற்சி. பாலி மொழியில் உள்ள சதிபட்டான சூத்திரம் என்ற புத்தரின் உரை, நடக்கும்போது 'நடக்கிறேன்' என்று அறியச் சொல்கிறது. நடத்தல், நிற்றல், உட்காருதல், படுத்தல் என்ற நான்குமே அங்கே தியானத்துக்கு உரிய நிலைகள். புத்தகயாவில் மகாபோதி கோயிலின் வடக்குப் பக்கம், ஞானம் பெற்றபின் புத்தர் நடந்ததாக நம்பப்படும் இடத்தில், ஒரு நீண்ட மேடையில் கல் தாமரைகளை வரிசையாக வைத்திருக்கிறார்கள். அடிக்கு ஒரு தாமரை. தியானம் என்றாலே சம்மணம் போட்டு உட்காருவதுதான் என்று நினைத்திருந்த எனக்கு, அந்த வரிசையைப் பற்றித் தெரியவந்தது பெரிய திறப்பாக இருந்தது.

எப்படி ஆரம்பிக்கறது? முதல் நாள் என்ன பண்ணணும், அதை மட்டும் சொல்லுங்க.

தரை சமமாக இருக்கும் ஒரு இடத்தைத் தேர்ந்தெடுங்கள். வீட்டுக் கூடம் போதும், எட்டுப் பத்துத் தப்படி கிடைத்தாலும் சரி. முதலில் ஒரு நிமிடம் சும்மா நில்லுங்கள். உடம்பின் பாரம் பாதத்தில் எங்கே இறங்குகிறது? குதிகாலிலா, முன்பாதத்திலா? அப்புறம் பாரத்தை மெல்ல வலது காலுக்கு மாற்றுங்கள். இடது கால் லேசாகிறது தெரியும். அந்த லேசான காலைத் தூக்கி, முன்னால் கொண்டுபோய், வையுங்கள். வைத்த காலுக்குப் பாரம் வந்து சேர்வதை உணர்ந்த பிறகு அடுத்த கால்.

கைகளை முன்னாலோ பின்னாலோ கோர்த்துக்கொள்ளலாம், சும்மா தொங்கவும் விடலாம். பார்வை ஆறேழு அடி தள்ளித் தரையில் இருக்கட்டும். காலையே குனிந்து பார்க்க வேண்டாம், கழுத்து வலிக்கும். பாதை முடியும் இடத்தில் நின்று, நிற்பதை உணர்ந்து, திரும்பி, மறுபடி நின்று, பிறகு நடங்கள். முதல் நாளுக்குப் பத்து நிமிடம் போதும்.

காலை உணருங்க, உணருங்கன்னு சொல்றீங்க. எனக்கு ஒண்ணுமே தெரியலையே?

வேறெந்தக் கேள்வியையும்விட அதிகம் பேர் கேட்டது இதைத்தான். 'கால்' என்றவுடன் நமக்குள் காலின் படம் ஒன்று வருகிறது. அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டு, காலை உணர்கிறோம் என்று நினைத்துக்கொள்கிறோம். அது நினைப்புதான். உணர்வில் கால் என்ற வடிவமே இருக்காது. குளிர்ச்சி, அழுத்தம், சொரசொரப்பு, இறுக்கம், குறுகுறுப்பு இவைதான் இருக்கும். 'என் கால் எங்கே?' என்று தேடாமல், 'இப்போது குளிர்ச்சி தெரிகிறதா, அழுத்தம் தெரிகிறதா?' என்று கேட்டுப் பாருங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. மாறாமல் தொட்டுக்கொண்டே இருக்கும் பொருளை நரம்புகள் கொஞ்ச நேரத்தில் சொல்வதை நிறுத்திவிடும். மூக்குத்தி போட்டவருக்கு அது இருப்பதே தெரிவதில்லை, அதைப் போல. அதனால் மாற்றத்தைக் கொடுங்கள். ஒரு காலைத் தண்ணீரில் நனைத்துவிட்டு நடந்து பாருங்கள், இரண்டு காலுக்கும் உள்ள வித்தியாசம் உடனே தெரியும். கோரைப்பாயில் நான்கு அடி, சிமெண்டுத் தரையில் நான்கு அடி என்று மாறி மாறி வையுங்கள். தொல்காப்பியம் உயிர்களை அறிவின்படி வகுக்கும்போது முதலாவதாக வைப்பது உற்றறிவதை, அதாவது தொட்டு அறிவதை. புல்லுக்கும் மரத்துக்கும்கூட அது உண்டு என்கிறது. அவ்வளவு அடிப்படையான அறிவு நம்மிடம் இல்லாமல் போகாது, நாம் அதைக் கேட்காமல் இருந்திருக்கிறோம். இத்தனைக்குப் பிறகும் எதுவும் தெரியவில்லை என்றால், கீழே சர்க்கரை நோய் பற்றிய பதிலை அவசியம் படியுங்கள்.

மனசுக்குள்ள 'தூக்குறேன், வைக்கிறேன்'னு சொல்லிக்கிட்டே நடக்கணுமா?

சொல்லலாம். பர்மாவின் பௌத்தத் துறவி மகாசி சயடோ (1904–1982) பரவலாக்கிய முறை அது. முதலில் 'இடது, வலது' என்று மட்டும். பழகியதும் 'தூக்குதல், வைத்தல்'. அதற்கும் பிறகு 'தூக்குதல், நகர்த்துதல், வைத்தல்'. மனது அலைகிறவர்களுக்கு இந்தச் சொல் நல்ல பிடிமானம்.

ஆனால் சொல் மெல்லியதாக இருக்க வேண்டும். சில நாளில் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் ஆகிவிடும்: 'வைத்தல்' என்று சொல்லி முடித்திருப்போம், கால் அந்தரத்தில் இருக்கும். அப்படி ஆனால் சொல்லை விட்டுவிட்டு ஒரு பத்து நிமிடம் வெறும் உணர்வோடு நடங்கள்.

எவ்வளவு மெதுவா நடக்கணும்? ஆமை மாதிரி நடந்தா பார்க்கறவங்க என்ன நினைப்பாங்க?

மெதுவாகத்தான் நடக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. மகாசி முறை முகாம்களில் ஓர் அடிக்குப் பல நொடிகள் எடுத்துக்கொள்வார்கள். தாய்லாந்தின் காட்டுத் துறவிகள் மரத்தடிப் பாதையில் ஏறக்குறைய சாதாரண வேகத்தில் நடப்பார்கள். ஜப்பானிய ஜென் மடங்களில் உட்காரும் தியானத்துக்கு நடுநடுவே 'கின்ஹின்' என்று ஒரு நடை உண்டு. சோட்டோ பிரிவில் ஒரு மூச்சுக்கு அரை அடி, ரின்சாய் பிரிவில் விறுவிறுவென்று. வியட்நாமின் பௌத்தத் துறவி திக் நியட் ஹான் (1926–2022) திறந்த வெளியில், மூச்சோடு அடிகளைச் சேர்த்து இயல்பாக நடக்கச் சொன்னார்.

என் யோசனை: தூக்கம் வந்தாலோ மனது பரபரப்பாக இருந்தாலோ இயல்பான வேகத்தில் தொடங்குங்கள். மனது அடங்க அடங்க நடை தானே மெதுவாகும். தெருவிலோ பூங்காவிலோ நடக்கும்போது சாதாரண வேகமே நல்லது, யாருக்கும் வித்தியாசமே தெரியாது.

நாலு அடி தாண்டறதுக்குள்ள மனசு எங்கேயோ போயிடுது. எனக்கு இது சரிவராதோ?

எல்லோருக்கும் போகும். எனக்கு இன்றைக்குக் காலையிலும் போனது. போனது தெரிந்ததும் அதே இடத்தில் நின்றுவிடுங்கள். இரண்டு பாதமும் தரையில் இருப்பதை உணர்ந்துவிட்டு மறுபடி நடங்கள். மனதைத் திட்ட வேண்டாம், எவ்வளவு நேரம் தொலைந்துபோயிருந்தோம் என்று கணக்குப் பார்க்கவும் வேண்டாம். பாதை குட்டையாக இருப்பதன் பயனே இதுதான்: பதினைந்து தப்படிக்கு ஒருமுறை திரும்ப வேண்டியிருக்கும், திரும்பும் இடம் நம்மை எழுப்பிவிடும்.

இதனால என்ன பலன்? நேரடியா சொல்லுங்க.

அங்குத்தர நிகாயம் என்ற பாலி பௌத்தத் தொகுப்பில் ஒரு சின்னச் சூத்திரம் நடைத் தியானத்துக்கு ஐந்து பலன் சொல்கிறது. நெடும்பயணத்துக்கு உடம்பு தாங்கும். முயற்சிக்குத் தெம்பு வரும். நோய் குறையும். சாப்பிட்டது செரிக்கும். நடையில் கிடைத்த மன ஒருமை நீண்ட நேரம் நிற்கும். கடைசிப் பலனைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். உட்கார்ந்து கண்மூடிக் கிடைக்கும் அமைதி, எழுந்து கதவைத் திறந்ததும் கலைந்துவிடுகிறது. நடந்துகொண்டே, சத்தத்துக்கு நடுவே வந்தது அவ்வளவு சீக்கிரம் கலைவதில்லை.

ரத்த அழுத்தம் இறங்கும், மாத்திரையை நிறுத்தலாம் என்றெல்லாம் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மாத்திரை மருத்துவரின் முடிவு.

தொடு உணர்வு மட்டும்தானா? கண்ணு, காது, மூக்கெல்லாம் என்ன பண்றது?

தொடக்கத்தில் உள்ளங்கால் மட்டும் போதும். அது நிலைத்த பிறகு மற்றவற்றுக்கும் இடம் கொடுக்கலாம். குக்கர் விசில் கேட்டால், 'யார் வீட்டுச் சமையல்' என்று போகாமல், ஓசையாகவே ஒரு நொடி கேட்டுவிட்டுக் காலுக்குத் திரும்புங்கள். முந்தின இரவு மழை பெய்திருந்தால் ஈரச் சிமெண்டின் வாசனை வரும். அதுவும் அப்படியே.

ஐம்பொறி என்று நாம் பேசும் கணக்கில் வராத இரண்டு உணர்வுகள் இந்தப் பயிற்சியில் மிக முக்கியம். ஒன்று, கை கால் எங்கே எப்படி இருக்கிறது என்று பார்க்காமலே தெரியும் உணர்வு. கரண்ட் போன இருட்டிலும் சோற்றுக் கவளம் வாய்க்குத் தவறாமல் போவது இதனால்தான். தசை, தசைநார், மூட்டு இவற்றில் உள்ள நரம்பு முனைகள் அனுப்பும் செய்தி இது. ஆங்கிலேய உடலியல் அறிஞர் சார்லஸ் ஷெரிங்டன் 1906-இல் இதற்குப் 'புரோப்ரியோசெப்ஷன்' என்று பெயர் வைத்தார். காலைத் தூக்கி அந்தரத்தில் நகர்த்தும்போது தோலில் எதுவும் படுவதில்லை, ஆனாலும் கால் போவது தெரிகிறதே, அந்தத் தெரிதலில் பெரும்பங்கு இதுதான்.

இன்னொன்று சமநிலை உணர்வு. உள்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. தலை திரும்பும்போது அவற்றுக்குள் உள்ள திரவம் சற்றுப் பின்தங்கும், அதை வைத்துத் திரும்புவதை மூளை அறிகிறது. அதனால்தான் பாதையின் முனையில் மெதுவாகத் திரும்பச் சொல்கிறேன். திரும்பும் அந்த மூன்று, நான்கு நொடியில் உள்ளங்காலின் உரசல், இடுப்பின் முறுக்கம், தலையின் சுழற்சி என்று எத்தனையோ ஒன்றாக வரும். எனக்கு முழு நடையிலும் மிகப் பிடித்த இடம் அந்தத் திருப்பம்தான்.

கண்ணை மூடிக்கிட்டு நடந்தா இன்னும் நல்லா உணரலாமே?

வேண்டாம். பார்வையும் சமநிலையில் பங்கு வகிக்கிறது, மூடினால் தள்ளாடும். மாடியில் அது ஆபத்து. கண் மூடிப் பழக ஆசையாக இருந்தால் சுவரில் ஒரு கை வைத்து, நின்ற நிலையில் மட்டும் செய்யுங்கள். தலைசுற்றல் உள்ளவர்கள் அதையும் தவிர்க்கலாம்.

வெறும் காலோடதான் நடக்கணுமா? எனக்குப் பத்து வருஷமா சுகர் இருக்கு.

உங்களுக்கு வெறும் கால் வேண்டாம். நெடுநாள் சர்க்கரை நோயில் பாத நரம்புகள் பழுதாகலாம், பெரும்பாலும் இரண்டு கால்களின் விரல்களிலும் தொடங்கும். கல் குத்துவது தெரியாது, வெயிலில் காய்ந்த தரையின் சூடு தெரியாது, புண் பெரிதான பிறகே தெரியவரும். மெத்தென்ற, அளவான செருப்போ ஷூவோ போட்டு நடங்கள். நடந்து முடித்ததும் உள்ளங்காலைக் கண்ணால் பாருங்கள், எட்டாவிட்டால் கண்ணாடி வைத்துப் பாருங்கள். செருப்புப் போட்டாலும் பாரம் மாறுவது, முழங்கால் மடங்குவது, இடுப்பு அசைவது எல்லாம் தெரியும், தியானத்துக்கு அது தாராளம்.

இங்கே என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் குழுவில் ஒருவர், விரல் பக்கம் எதுவும் தெரியவில்லை என்று வாரக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். கவனம் போதவில்லை, பொறுமையாகச் செய்யுங்கள் என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் வேறு காரணத்துக்காக மருத்துவரிடம் போனபோது, அவர் பாதத்தில் மெல்லிய நைலான் இழையால் அங்கங்கே தொட்டுப் பார்த்தார். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் இழை அது. விரல்களில் தொட்டது இவருக்குத் தெரியவே இல்லை. நரம்பு பாதிக்கப்பட்டிருந்தது. அந்த வாரங்களை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தம்தான். சர்க்கரை உள்ளவர்கள், முக்கியமாகப் பாதத்தில் மரத்த உணர்வோ எரிச்சலோ உள்ளவர்கள், இந்த எளிய சோதனையை முதலில் செய்துகொள்ளுங்கள். ஒரு சில நிமிட வேலை.

எட்டு போட்டு நடக்கறாங்களே, கோயில்ல அடிப் பிரதட்சணம் பண்றாங்களே, அதெல்லாமும் இதுதானா?

எட்டு வடிவ நடை ஒரு உடற்பயிற்சி. செய்கிறவர்கள் உடல்நலத்தை நினைத்துச் செய்கிறார்கள். ஆனால் அந்தப் பாதையில் திருப்பங்கள் நிறைய, மேலே சொன்ன சமநிலை உணர்வுக்கு நல்ல தீனி. போனை உள்ளே வைத்துவிட்டு, உணர்ந்து நடந்தால் அந்த எட்டும் தியானப் பாதைதான்.

அடிப் பிரதட்சணம் இதற்கு இன்னும் நெருக்கம். ஒரு பாதத்தின் விரல் நுனியில் அடுத்த பாதத்தின் குதிகால் தொடும்படி வைத்து வைத்துப் பிரகாரத்தைச் சுற்றுகிறார்கள். கருங்கல்லின் குளிர்ச்சி, கால் கால் மீது படும் தொடுகை, ஒரு அடியையும் தவறவிட முடியாத நிதானம். அவர்கள் நெஞ்சில் இருப்பது வேண்டுதல், நாங்கள் எதையும் வேண்டி நடப்பதில்லை. அந்த வித்தியாசத்தை மதிக்கிறேன். ஆனால் எங்கள் குழுவுக்கு வந்தவர்களில் மிகச் சீக்கிரம் பழகியவர், இருபது வருடம் அடிப் பிரதட்சணம் செய்த ஒரு பாட்டிதான்.

இது புத்த மதமாச்சே? நாங்க வேற மதம், பண்ணலாமா?

வந்த வழி பௌத்தம், அதை மறைக்கக் கூடாது. ஆனால் காலை உணர்ந்து நடக்க எந்த நம்பிக்கையும் தேவையில்லை. 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபாட்-ஜின் நோயாளிகளுக்காகத் தொடங்கிய பயிற்சித் திட்டத்தில் மதச் சடங்கு எதுவும் இல்லாமல் இந்த நடையும் இருக்கிறது. எங்கள் மாடியில் தொழுகை முடித்துவிட்டு வருகிறவரும் உண்டு, ஞாயிறு தேவாலயத்துக்குப் போக வேண்டும் என்று சீக்கிரம் இறங்குகிறவரும் உண்டு.

எங்க அம்மாவுக்கு முட்டி வலி, நடக்கவே முடியாது. அவங்க என்ன பண்ணலாம்?

நடப்பது ஒரு வழி மட்டுமே. அசைவு எதுவானாலும் போதும். தாய்லாந்தின் பௌத்தத் துறவி லுவாங்போ தியன் (1911–1988) உட்கார்ந்தபடியே கைகளால் செய்யும் தியானத்தைக் கற்றுக்கொடுத்தார். அதிலிருந்து எளிமையாக ஒன்று: இரண்டு கையும் தொடைமேல் கவிழ்ந்திருக்கட்டும். வலது கையைப் பக்கவாட்டில் திருப்பி நிறுத்துங்கள், நிறுத்தியதை உணருங்கள். மேலே தூக்குங்கள், நிறுத்துங்கள். வயிற்றில் கொண்டுவந்து வையுங்கள். திரும்ப அதே வழியில் இறக்குங்கள். பிறகு இடது கை. கண் திறந்தே இருக்கும்.

அம்மாவுக்குக் கை வேலை பழக்கம் என்றால் அதிலேயே செய்யச் சொல்லலாம். பூக்கட்டும்போது நாரின் இழுப்பு, கீரை ஆயும்போது தண்டு ஒடியும் அந்த 'டக்'.

உடம்பை ரொம்பக் கவனிச்சா படபடப்பு வருது, பயமா இருக்கு. தொடரலாமா?

அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்வதில் எந்தப் பெருமையும் இல்லை. சிலருக்கு உள்ளே கவனம் போனதும் இதயத் துடிப்பு பெரிதாகக் கேட்கும், பழைய கசப்பான நினைவுகள் எழும். அவர்களுக்கு வெளி உணர்வுகள் பாதுகாப்பானவை. வானத்தைப் பாருங்கள், கைப்பிடிச் சுவரைத் தொடுங்கள், காக்கைச் சத்தத்தைக் கேளுங்கள், சாதாரண வேகத்தில் நடங்கள். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் என்றால் தியானத்தைப் பற்றி யோசிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். பயமும் தூக்கமின்மையும் நாள்கணக்கில் நீடித்தால் மனநல மருத்துவரைப் பார்ப்பதே சரி.

கவனிக்க ஆரம்பிச்சதும் நடையே தடுமாறுது. இது என்ன கூத்து?

நடப்பதைச் சிறுவயதிலேயே தண்டுவடத்துக்கும் சிறுமூளைக்கும் ஒப்படைத்துவிட்டோம். யோசிக்காமலே அவை நடத்திக்கொள்ளும். இப்போது யோசிக்கும் மூளை நடுவில் புகுந்து 'இப்படித் தூக்கு, அப்படி வை' என்று கட்டளை போட்டால் கால் விறைக்கும். சைக்கிள் பெடலை நினைத்து நினைத்து மிதித்தால் தடுமாறுவதும் இதே காரணத்தால்தான்.

கட்டளையை நிறுத்திவிட்டு, வரும் செய்தியை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். கால் அதன் பாட்டுக்கு நடக்கட்டும். வேகத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். தூக்குதல், நகர்த்துதல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, பாதம் தரையைத் தொடும் கணத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஓரிரு வாரத்தில் சரியாகும். கவனிக்காத நேரத்திலும் தடுமாற்றம் இருந்தால் அது வேறு, மருத்துவரைப் பாருங்கள்.

நான் உணர்றது நிஜமா, இல்ல உணர்றதா நானே கற்பனை பண்ணிக்கறேனா? எப்படிக் கண்டுபிடிக்கறது?

ஆழமான கேள்வி. நினைப்புக்கும் உணர்வுக்கும் உள்ள வித்தியாசத்தை மேலே சொன்னேன், ஆனால் பழகப் பழக நினைப்பும் உணர்வு போலவே வேடம் போடும். எனக்கு உதவும் அடையாளம் ஒன்று உண்டு. கற்பனை செய்த அடி ஒவ்வொன்றும் ஒரே மாதிரி இருக்கும். குதிகால், நடுப்பாதம், விரல், மறுபடி குதிகால். உணர்ந்த அடி அப்படி இருக்காது. ஒன்றில் சுண்டுவிரல் முந்திக்கொள்ளும், ஒன்றில் மணல் துகள் உறுத்தும், ஒன்றில் குதிகால் பட்டதே தெரியாமல் போகும். நாம் எதிர்பார்க்காத ஒன்று வந்தால், அது பெரும்பாலும் நிஜம்.

இந்தக் கேள்வியைக் கேட்டவருக்கும் இதையே சொன்னேன். பத்து நாள் கழித்து வந்து, இடது பாதத்தில் வெளி விளிம்புதான் முதலில் தரையைத் தொடுகிறது, வலதில் அப்படி இல்லை, இது கற்பனையா என்று கேட்டார். மாடிக் கதவோரம் கழற்றிப் போட்டிருந்த அவருடைய செருப்பு இரண்டையும் எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தோம். இடது செருப்பின் வெளி ஓரம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது.